கொலாபா வரை போன ரயில்



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது வெஸ்டர்ன் லைனில் போய்வருகிறவர்களாக இருப்பீர்கள். உங்களுக்குச் சர்ச்கேட் என்றால் கடைசி ஸ்டேஷன். வண்டி பஃபருக்கு முன்னால் வந்து நிற்கும். இறங்குகிற கூட்டம் இறங்கி முடிப்பதற்குள் ஏறுகிற கூட்டம் ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடும். அதே வண்டி வந்த வழியே விராருக்கோ போரிவலிக்கோ திரும்பும். வெஸ்டர்ன் லைனுக்கு அதற்குத் தெற்கே தண்டவாளம் கிடையாது.

1930 டிசம்பர் 31 நள்ளிரவு வரை தண்டவாளம் அங்கே முடியவில்லை. இன்று ஈராஸ் தியேட்டர் நிற்கும் பக்கமாகத் தெற்கே போய், ஓவல் மைதானத்தின் மேற்கு ஓரத்தில், கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கொலாபா வரை போயிற்று. அந்தக் கொலாபா ஸ்டேஷனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். 57 ஆண்டுகள் ரயில் வந்துபோன இடம். கடைசி மூன்றாண்டுகளில் மின்சார லோக்கலும் ஓடிய இடம்.

ஒரு ஸ்டேஷனை ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டால் நமக்கு உடனே தோன்றும் பதில், ஆள் வரவில்லை, வருமானம் இல்லை என்பதுதான். கொலாபாவின் கதையில் அது ஒரு சிறு பகுதி மட்டுமே. கொலாபா ஸ்டேஷன் பிறந்ததற்குக் காரணம் கடலைத் தூர்த்து நிலமாக்கி விற்கும் ஆசை. அது மூடப்பட்டதற்கும் காரணம் அதே ஆசை. நடுவில் அந்த ரயிலில் போய்வந்த மனிதர்களை இரண்டு தடவையும் யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி போரிபந்தரிலிருந்து தானே வரை போனது எல்லோருக்கும் தெரியும். அது கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, சுருக்கமாக ஜி.ஐ.பி. நம்முடைய வெஸ்டர்ன் லைனை அமைத்த கம்பெனி வேறு: பம்பாய், பரோடா அண்ட் சென்ட்ரல் இந்தியா ரயில்வே, சுருக்கமாக பி.பி.சி.ஐ. அந்தக் கம்பெனி பம்பாயில் தொடங்கி வடக்கே போகவில்லை. குஜராத்தில் சூரத் பக்கம் தொடங்கித் தெற்கே இறங்கி வந்தது. 1864 நவம்பர் 28-ஆம் தேதி கிராண்ட் ரோடு வரைக்கும் வந்து சேர்ந்தது. அன்றைக்குக் கிராண்ட் ரோடு ஊரின் ஓரம். அதற்குத் தெற்கே கிர்காமும் கல்பாதேவியும் நெருக்கியடித்துக் கிடந்தன. அதற்கும் தெற்கே கோட்டை. வீடுகளுக்கு நடுவே ரயில் விட இடமில்லை.

ஆனால் கம்பெனிக்குக் கொலாபா வேண்டியிருந்தது. ஏன் என்றால் பஞ்சு. பரூச், சூரத் வட்டாரப் பஞ்சுதான் பி.பி.சி.ஐ.யின் பெரிய சரக்கு. அந்தப் பஞ்சை வாங்கி விற்கும் சந்தையான காட்டன் கிரீன், 1844-இலேயே கோட்டையிலிருந்து கொலாபாவுக்குப் போய்விட்டது. கொலாபா முன்பு தனித் தீவு. 1838-இல் கடலுக்குக் குறுக்கே கரைச்சாலை போட்டுப் பம்பாயோடு இணைத்திருந்தார்கள். குஜராத்திலிருந்து ரயிலில் வரும் பஞ்சுப் பொதிகளைக் கிராண்ட் ரோட்டில் இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, நெரிசலான ஊரைத் தாண்டி, அந்தக் கரைச்சாலை வழியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ரயில் நேரே சந்தைக்குப் போனால் எவ்வளவு லாபம் என்று கணக்குப் போடுவதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஊருக்குள் வழியில்லை. மேற்கே கடல் இருந்தது. சரி, கடலோரத்தைத் தூர்த்து அதன்மேல் ரயில் விடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

அந்த நேரம் பம்பாயில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போவது நின்றது. லங்காஷயர் முழுக்க நம் பக்கம் திரும்பியது. பம்பாயில் பணம் கொட்டியது. கொட்டிய பணத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் வங்கிகளும் நிலக் கம்பெனிகளும் முளைத்தன. அதில் ஒன்று பேக் பே ரெக்லமேஷன் கம்பெனி. மலபார் ஹில்லுக்கும் கொலாபாவுக்கும் நடுவே வளைந்து கிடக்கும் பேக் பே கடலோரத்தைத் தூர்ப்பது, அதில் ஒரு பட்டையை ரயிலுக்குக் கொடுப்பது, மீதியை மனையாக விற்பது என்பது திட்டம். 5,000 ரூபாய் முகமதிப்புள்ள அதன் பங்கு 50,000 ரூபாய்க்கும் மேல் விலைபோனது. கடல் அப்படியே இருந்தது, நிலம் இன்னும் வரவில்லை, பங்கு மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. இந்தச் சூதாட்டத்தின் நடுநாயகம் பிரேம்சந்த் ராய்சந்த். பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் ராஜாபாய் கோபுரம் அவர் பணத்தில் எழும்பியது. ராஜாபாய் அவருடைய தாயார்.

1865 ஏப்ரலில் அமெரிக்கத் தென்தரப்புத் தளபதி ஜெனரல் லீ சரணடைந்தார். பஞ்சு விலை சரிந்தது. ஜூலை 1 அன்று கணக்குத் தீர்க்க வேண்டிய வாயிதா நாள். பம்பாய் வியாபார உலகத்தில் பாதி அன்றைக்கு மண்ணைக் கவ்வியது. பேக் பே கம்பெனியும் கலைந்தது. அது தூர்த்து முடித்தது ஒரு குறுகலான கடலோரப் பட்டைதான். மாளிகைகள் கட்ட அது போதாது. ரயில் விடப் போதும். அரசாங்கம் எடுத்து ரயில்வேக்குக் கொடுத்தது.

ஆக, பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய ஒரு சரிவின் மிச்சம்தான் நாம் இன்று மரீன் லைன்ஸ், சர்னி ரோடு என்று கடந்துபோகும் பாதை. இதை நினைக்காமல் அந்த வழியே போக என்னால் முடிவதில்லை.

அந்தப் பட்டையில் பாதை துண்டு துண்டாக நீண்டது. 1867 ஏப்ரல் 12-ஆம் தேதி விராரிலிருந்து பேக் பே வரை ஒரு வண்டி ஓடியது. காலையில் ஊருக்குள், சாயங்காலம் திரும்பி. நாம் ‘விரார் லோக்கல்’ என்று சொல்லும்போது மனசுக்குள் வரும் எல்லாவற்றுக்கும் மூல வித்து அந்த ஒற்றை வண்டி. 1870-இல் சர்ச்கேட் வந்தது. 1873-இல் கொலாபா.

கொலாபாவில் முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலையான கட்டடம் இல்லை. பஞ்சுக்காக வந்த ரயிலுக்குப் பயணிகள் நிற்கும் இடம் அவசரமாகத் தோன்றவில்லை போலும். 1896 ஏப்ரல் 7-ஆம் தேதிதான் கொலாபா டெர்மினஸ் என்ற முறையான கட்டடம் திறக்கப்பட்டது. அதற்குள் கொலாபா வெறும் பஞ்சுச் சந்தையாக இல்லை. 1874 மே 9-இல் கொலாபாவிலிருந்து பாய்தோனி வரை குதிரை டிராம் வந்துவிட்டது. 1875-இல் சசூன் டாக் திறந்தது. ராணுவம் இருந்தது, ஆஃப்கன் சர்ச் இருந்தது, வானிலை ஆய்வகம் இருந்தது. தீவாகக் கிடந்த இடம் ஊரின் தெற்குக் கோடியாகிவிட்டது.

அந்த 1896-ஆம் ஆண்டு முக்கியமானது. ஏப்ரலில் ஸ்டேஷன் திறந்தது. செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் நோய் கண்டது. சில மாதங்களில் ஊரே ஓட்டம் பிடித்தது. பிளேக்தான் பம்பாயைப் புறநகரை நோக்கித் தள்ளியது. 1898-இல் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. அதன் தாதர், மாட்டுங்கா, வடாலா மனைத் திட்டங்கள் அதன் பிறகு வந்தவை. காற்றோட்டமான வீடு வடக்கே, வேலை தெற்கே என்கிற இந்த ஊரின் அமைப்பு அப்போது விழுந்த அச்சு. மாட்டுங்காவுக்கு நம்மவர்கள் வந்து குடியேறியதும் அந்த மனைகளில்தான். தஞ்சாவூர், பாலக்காடு பக்கத்திலிருந்து டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வந்த இளைஞர்கள் கோட்டைப் பகுதியின் கம்பெனி ஆபீஸ்களில் குமாஸ்தாவானார்கள். காலை வண்டியில் தெற்கே, மாலை வண்டியில் வடக்கே. அவர்களுக்கு முன்பே திருநெல்வேலிப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலாளர்கள் தாராவிக்கு வந்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சற்று நேரம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தாராவிக்குத் திரும்பி வருவேன்.

சர்ச்கேட்டுக்கு எதிரே வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்கும் வெஸ்டர்ன் ரயில்வே தலைமையகம் 1899-இல் முடிந்தது. விக்டோரியா டெர்மினஸை, அதாவது வி.டி.யைக் கட்டிய எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ்தான் இதையும் கட்டினார். அன்றைக்கு அதன் மேல்தளத்தில் நின்று மேற்கே பார்த்தால் முதலில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். நடுவில் வேறொன்றும் இல்லை. இன்றைய மரீன் டிரைவ், அதன் பின்னால் இருக்கும் தெருக்கள், பிரபோர்ன் ஸ்டேடியம் எல்லாம் அன்றைக்குத் தண்ணீர். பழைய புகைப்படங்களில் அலை வந்து மோதுகிற கல்வரிசையை ஒட்டியே ரயில் போகிறது. கரி எஞ்சினின் புகை கடல்காற்றில் கலைந்து ஊர்ப்பக்கமாக அடிக்கிறது. சாயங்காலம் கொலாபாவில் ஏறியவருக்கு மரீன் லைன்ஸ் வரை இடப்பக்க ஜன்னலில் சூரியன் கடலுக்குள் இறங்குவது தெரிந்திருக்கும். 

நீண்டதூர வண்டிகளும் கொலாபாவிலிருந்தே கிளம்பின. அவற்றில் பெரிய பெயர் ஃப்ரான்டியர் மெயில். 1928 செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்கியது. பம்பாயிலிருந்து பெஷாவர் வரை. இங்கிலாந்திலிருந்து தபால் கப்பல் வரும் நாளில் பல்லார்ட் பியரிலிருந்து புறப்படும். மற்ற நாளில் கொலாபாவிலிருந்து. இன்று அம்ரித்சருக்குப் போகும் கோல்டன் டெம்பிள் மெயிலின் மூதாதை அதுதான்.

அதே 1928-இல் இன்னொரு பெரிய காரியமும் நடந்தது. ஜி.ஐ.பி. 1925 பிப்ரவரி 3-இல் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயிலை விட்டிருந்தது. பி.பி.சி.ஐ. பின்தங்கவில்லை. 1928 ஜனவரி 5-ஆம் தேதி கொலாபாவிலிருந்து போரிவலிக்கு மின்சார லோக்கல் ஓடத் தொடங்கியது. கம்பம் நட்டு, மேலே கம்பி இழுத்து, 1,500 வோல்ட் மின்சாரம் பாய்ச்சி, புதுப் பெட்டிகள் வாங்கி, சிக்னல்களை மாற்றி, எல்லாம் செய்தார்கள். கொலாபா வரைக்கும் செய்தார்கள். மூன்றே ஆண்டில் அந்தக் கடைசித் துண்டைப் பிடுங்கிப் போட்டார்கள்.

இது எப்படி நடந்தது?

மறுபடியும் கடலைத் தூர்க்கும் ஆசை. 1918-இல் கவர்னராக வந்த சர் ஜார்ஜ் லாயிட், பம்பாயின் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்கிறேன் என்று 1920-இல் டெவலப்மென்ட் டைரக்டரேட் என்று ஒரு இலாகாவை அமைத்தார். வொர்லியிலும் நாய்காவிலும் நீங்கள் பார்த்திருக்கும் பி.டி.டி. சால்கள் அதன் கைவேலை. பேக் பேயை மீண்டும் தூர்ப்பது அதன் இன்னொரு திட்டம். 1,145 ஏக்கர் என்று தொடங்கினார்கள். கல்சுவர் எழுப்பினார்கள். கவர்னரின் பெயரையே சூட்டிய பெரிய தூர்வாரிக் கப்பல் வந்தது. அது கடலடிச் சேற்றை உறிஞ்சிச் சுவருக்கு உள்ளே கொட்டியது. சேறோ சுவரின் கல்லிடுக்குகள் வழியாகத் திரும்பக் கடலுக்கே போயிற்று. செலவு ஏறிக்கொண்டே போனது, நிலம் வரவில்லை.

இதில் நடந்த ஊழலை அம்பலப்படுத்தியவர் கே.எஃப். நாரிமன் என்ற பார்ஸி வக்கீல். சட்டசபையில் கேட்டார், பத்திரிகையில் எழுதினார், ஹார்வி என்ற பொறியாளரைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டினார். ஹார்வி அவதூறு வழக்குப் போட்டார். 1928-இல் நாரிமன் விடுதலையானார். தனி மனிதர் ஒருவர் அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தை எதிர்த்து நின்று ஜெயித்த வழக்கு அது. நம் பள்ளிப் பாடங்களில் இல்லாதது பெரிய குறை.

கடைசியில் சுமார் 440 ஏக்கரோடு திட்டம் சுருங்கியது. அதிலும் பாதிக்கு மேல் கொலாபாப் பக்கத்தில் ராணுவத்துக்குப் போனது. மீதி நிலம் சர்ச்கேட்டின் மேற்கிலும் தெற்கிலும் கிடந்தது. போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்றால் இந்த மீதியை நல்ல விலைக்கு விற்றாக வேண்டும். இங்கேதான் ரயில் குறுக்கே நின்றது.

கொஞ்சம் மனசுக்குள் வரைபடம் போட்டுப் பாருங்கள். 1873-இல் ரயில் கடற்கரையில் ஓடியது. மேற்கே தூர்த்த பிறகு அதே ரயில் ஊரின் நடுவில் ஓடுகிறது. ஒரு பக்கம் பழைய கோட்டைப் பகுதியும் ஓவலும். மறுபக்கம் புது மனைகள். நடுவில் தண்டவாளம், லெவல் கிராசிங், கேட். புது மனை வாங்குகிறவர் ஆபீசுக்குப் போக கேட்டில் காத்து நிற்க வேண்டும். மனை விலை ஏறுமா? ரயில் போன பட்டையும் விற்கத்தக்க நிலம்தானே என்கிற எண்ணமும் கூடச் சேர்ந்தது.

இந்தப் பக்கம் பஞ்சுச் சந்தையும் 1920-களில் கொலாபாவை விட்டு சிவ்ரிக்குப் போய்விட்டது. இன்று ஹார்பர் லைனில் காட்டன் கிரீன் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அந்த இடம்தான். எந்தச் சரக்குக்காக கொலாபாவுக்கு ரயில் வந்ததோ அந்தச் சரக்கே போய்விட்டது. நீண்டதூர வண்டிகளுக்கும் கொலாபாவில் இடம் போதவில்லை. அதனால் வடக்கே பெல்லாசிஸ் ரோட்டில் ஒரு பெரிய டெர்மினஸ் கட்டினார்கள். கிளாட் பேட்லி வரைந்த கட்டடம். 21 மாதத்தில் முடிந்தது. 1930 டிசம்பர் 18-இல் திறந்தது. அதுதான் பாம்பே சென்ட்ரல். ஃப்ரான்டியர் மெயில் அங்கே போயிற்று. அதற்கு அடுத்த இரண்டு வாரத்தில் கொலாபாவின் கணக்கு முடிந்தது.

நியாயமாகப் பேசுவோம். பஞ்சு போனது உண்மை. மெயில் வண்டிகளுக்குப் பாம்பே சென்ட்ரல் நல்ல ஏற்பாடு. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரின் நடுவே லெவல் கிராசிங் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்பதும் சரி. ஆனால் லோக்கலை ஏன் நிறுத்த வேண்டும்? மின்சாரம் வந்தாகிவிட்டது, புகையில்லை. பாதையை மேலே தூக்கலாம், பள்ளத்தில் இறக்கலாம். அதற்கான பொறியியல் அன்றைக்கே உலகத்தில் இருந்தது. மேற்கே 440 ஏக்கர் புது நிலம் வரும்போது, அங்கே ஆட்கள் வருவார்கள், வேலைக்குப் போவார்கள், அவர்களை எப்படிக் கொண்டுவருவது என்று யோசிப்பதுதானே ஊர் அமைப்பவரின் வேலை? நிலத்தை உண்டாக்கிய அதே கை, நிலத்துக்குப் போகும் வழியை அழித்தது. இதை நான் தவறு என்றே சொல்வேன். கணக்குத் தப்பிவிட்டது என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

சர்ச்கேட் கடைசி ஸ்டேஷனானது. ரயில் ஓடிய பட்டையும் அதை ஒட்டித் தூர்த்த நிலமும் சேர்ந்த இடத்தில் 1930-களில் ஓவலைப் பார்த்தபடி வரிசையாக ஆர்ட் டெகோ கட்டடங்கள் எழும்பின. 1938-இல் ஈராஸ் தியேட்டர் திறந்தது. அந்த வரிசையும் எதிரே உள்ள விக்டோரியா காலக் கட்டடங்களும் சேர்ந்து 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அழகான கட்டடங்கள், சந்தேகமில்லை. அங்கே போகும்போது கட்டடத்தின் முகப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அதன் கீழே என்ன இருந்தது என்றும் ஒரு நிமிஷம் நினையுங்கள்.

கொலாபா ஸ்டேஷன் இருந்த நிலம் ரயில்வேயின் கையிலேயே தங்கியது. இன்று அங்கே பத்வார் பார்க் என்ற ரயில்வே அதிகாரிகள் குடியிருப்பு இருக்கிறது. பக்கத்தில் மீனவர் குடியிருப்பு. நாட்டில் பலர் பத்வார் பார்க் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டது 2008 நவம்பர் 26-க்குப் பிறகுதான். படகில் வந்த கொலைகாரர்கள் கரையேறிய இடம் அதை ஒட்டியது. கொலாபா டெர்மினஸ் இருந்த இடம் என்று யாரும் அப்போது சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரமும் அது இல்லை.

மூன்றாம் தடவை கடலைத் தூர்த்தது நம்முடைய அரசாங்கம். 1955-இல் சசிவாலயா, இன்றைய மந்திராலயா, புது நிலத்தில் வந்தது. 1960-களிலிருந்து நாரிமன் பாயின்ட் எழும்பத் தொடங்கியது. எக்ஸ்பிரஸ் டவர்ஸ், ஏர் இந்தியா கட்டடம், அப்புறம் கஃப் பரேட் பக்கம் உயர்ந்த கோபுரங்கள். கடல் தூர்ப்பதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனவரின் பெயரையே அந்த நிலத்துக்கு வைத்தார்கள்.

1965-இல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் மூவரும் மார்க் இதழில் ஒரு வாதத்தை முன்வைத்தார்கள். வீடுகள் வடக்கே போய்க்கொண்டிருக்கின்றன, ஆபீஸ்களை மேலும் மேலும் தெற்கே குவிக்கிறீர்கள், இந்த ரயில் தாங்காது, வளைகுடாவுக்குக் கிழக்கே இன்னொரு ஊர் அமையுங்கள் என்றார்கள். நவி மும்பைக்கு வித்து அதுதான். அரசாங்கம் அவர்கள் யோசனையை ஏற்றது, 1970-இல் சிட்கோவைத் தொடங்கியது. அதே கையால் நாரிமன் பாயின்ட்டில் மனைகளையும் கொடுத்தது. வங்கிகள், கம்பெனித் தலைமையகங்கள், சட்டமன்றம், செயலகம் எல்லாம் சர்ச்கேட்டுக்குத் தெற்கே. ரயில் மட்டும் சர்ச்கேட்டோடு சரி.

இதன் பலனை உடம்பால் அனுபவித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நானும் நாரிமன் பாயின்ட் ஆபீஸ் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்தேரியிலிருந்து ஃபாஸ்டில் நின்றபடியே வந்து இறங்கினால், சுரங்கப் பாதையைத் தாண்டி வெளியே வந்ததும் ஷேர் டாக்சி வரிசை. நான்கு பேர் சேர்ந்ததும் வண்டி நகரும். வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது நடந்துபோவதே மேல் என்று தோன்றும். பாதிப் பேர் நடப்பார்கள். ஜூலை மழையில் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செருப்பில் நடந்து, ஆபீஸில் மேஜைக்கடியில் வைத்திருக்கும் ஷூவை மாட்டிக்கொள்வது அங்கே எல்லோருக்கும் பழக்கம். கொலாபாவில் வீட்டுவேலைக்குப் போகிற பெண்கள் பஸ் காசை மிச்சம் பிடிக்க இன்னும் அதிக தூரம் நடப்பார்கள். 1930-இல் பிடுங்கிய பாதை இருந்திருந்தால் இவர்கள் எல்லோரும் தங்கள் வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கியிருப்பார்கள். மூன்று தலைமுறை நடந்த நடை அது. எந்த மனை விலைக் கணக்கிலும் அந்த நடையைச் செலவாக யாரும் எழுதவில்லை.

இப்போது அந்த வழிக்கு ரயில் திரும்பியிருக்கிறது. மெட்ரோ 3, அதாவது அக்வா லைன். ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை 33.5 கிலோமீட்டர். 2024 அக்டோபரில் முதல் துண்டு, 2025 மே மாதம் இரண்டாவது, 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுசாக. சர்ச்கேட், விதான் பவன், கஃப் பரேட் என்று தெற்கே போகும் அந்தக் கடைசித் துண்டு, பழைய கொலாபா ரயில் போன திசையில்தான், தரைக்கு அடியில் போகிறது. 1930-இன் கடைசி இரவிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 95 ஆண்டு. தூர்த்த மண்ணில் கடல்மட்டத்துக்குக் கீழே குடைந்து, உள்ளே கசியும் தண்ணீரோடு மல்லுக்கட்டி, கோடிக்கணக்கில் செலவழித்து, ஒரு காலத்தில் கையில் இருந்ததை மறுபடியும் வாங்கியிருக்கிறோம்.

எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அதைச் சொல்லக் கூச்சமும் இல்லை. மெட்ரோ 3-இன் ஸ்டேஷன் பட்டியலில் தாராவி இருக்கிறது. தாராவியில் ஏறினால் வண்டி மாறாமல் கஃப் பரேடில் இறங்கலாம். தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் விதான் பவன் வாசலில் ரயிலை விட்டு இறங்கலாம். 

ஆனால் டிக்கெட்டைப் பாருங்கள். மெட்ரோவில் 10 ரூபாயிலிருந்து 70 ரூபாய் வரை. லோக்கலில் இரண்டாம் வகுப்புக்குக் குறைந்த கட்டணம் 5 ரூபாய். மாதப் பாஸ் எடுத்தால் ஒரு நடைக்கு அதைவிடவும் குறைவு. லோக்கலில் சர்ச்கேட் வந்து, அங்கிருந்து இரண்டு ஸ்டேஷன் மட்டும் மெட்ரோவில் போகிறவர் தனியாக மெட்ரோ கட்டணமும் கொடுக்க வேண்டும். முன்பு கொலாபா வண்டியில் உட்கார்ந்தவர் சர்ச்கேட்டில் எழுந்திருக்கவே வேண்டியதில்லை, அதே டிக்கெட், அதே பெட்டி. நாம் கேட்க வேண்டியது அதுதான்: லோக்கல் பாஸிலேயே சர்ச்கேட்டிலிருந்து கஃப் பரேட் வரை மெட்ரோவும் சேர வேண்டும். அந்த இரண்டு ஸ்டேஷன் தூரத்தைப் பொறுத்தவரை இது சலுகை கேட்பது இல்லை. ஒரு காலத்தில் இருந்து, நம் முன்னோரிடமிருந்து எடுக்கப்பட்டதைத் திரும்பக் கேட்பது.

இன்னும் ஒரு வேண்டுகோள், அதோடு முடித்துக்கொள்கிறேன். கொலாபா டெர்மினஸைப் பற்றிக் கம்பெனிக் கோப்புகளும் வரைபடங்களும் கிடைக்கின்றன. அதில் போய்வந்த சாதாரண ஆட்கள் விட்டுப்போன காகிதம்தான் கிடைப்பதில்லை. மாட்டுங்காவிலும் தாதரிலும் 1920-களிலிருந்தே இருக்கும் குடும்பங்கள் இந்தச் சபையில் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டியில், பரணில், தாத்தாவின் டைரிக்கு நடுவில், கொலாபா என்று அச்சிட்ட ஒரு சீசன் டிக்கெட்டோ, அங்கே எடுத்த ஒரு புகைப்படமோ, ஊருக்கு எழுதி அனுப்பாமல் விட்ட ஒரு கடிதமோ இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை உங்களிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன்.